கல்யாணத்துக்கு முன்னாலா, பின்னாலா? டெக்சாஸில் வி.ஏ., எஃப்.எச்.ஏ. வீட்டுக் கடன்

நெல்லைத்துளசி கேட்டது:

டெக்சாஸில் 4 லட்சம் டாலர் விலையில் வீடு பார்த்திருக்கிறோம். நிச்சயம் முடிந்துவிட்டது, கல்யாணம் தை மாதம் மதுரையில். விவரம் இவ்வளவுதான்:

அவர்: அமெரிக்க ராணுவத்தில் நான்கு வருடம் இருந்து நல்லபடியாக விடுவிப்பு வாங்கியவர், குடியுரிமை உண்டு, மாதம் 8,500 டாலர், கிரெடிட் ஸ்கோர் 740, கார் தவணை 420. வி.ஏ. (முன்னாள் படைவீரர் நலத்துறை) உத்தரவாதம் தரும் கடன் இதுவரை எடுத்ததில்லை.

நான்: கிரீன் கார்டு, மாதம் 4,500 டாலர், ஸ்கோர் 655, கார் தவணை 380, படிப்புக் கடன் பாக்கி 38,000.

இப்போதே இரண்டு பேரும் சேர்ந்து வி.ஏ. கடன் வாங்க முடியுமா? முடியாதென்றால் எஃப்.எச்.ஏ. (அரசின் வீட்டுவசதி அமைப்பு காப்பீடு தரும் கடன்) சரியா? கல்யாணம் வரை காத்திருந்தால் லாபமா நஷ்டமா? வீட்டுப் பத்திரத்தில் என் பெயர் வர வேண்டும் என்பது என் பெற்றோரின் கவலை. எனக்கும் அதே கவலைதான்.

வட்டிக்கணக்கு எழுதியது:

முதலில் வி.ஏ. நிச்சயம் ஆனதை வி.ஏ. கணக்கில் எடுத்துக்கொள்ளாது. இன்றைய தேதியில் உங்கள் சட்டப்படி நிலை 'திருமணமாகாதவர்'. முன்னாள் படைவீரரும் அவருடைய மனைவி அல்லாத, படையில் சேராத இன்னொருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால் அது 'ஜாயின்ட் லோன்' என்ற தனி வகைக்குப் போய்விடும். அதில் அவருடைய பாதிக்கு மட்டும்தான் அரசு உத்தரவாதம்.

உங்கள் வீட்டுக்குக் கணக்கு இது: 4 லட்சத்தில் அவர் பங்கு 2 லட்சம், அதில் 25 சதவீதம் உத்தரவாதம், ஆக 50,000. கடன் கொடுப்பவருக்கு மொத்தத் தொகையில் 25 சதவீதம், அதாவது ஒரு லட்சம், உத்தரவாதமாகவோ ரொக்கமாகவோ நிற்க வேண்டும். மீதி 50,000-ஐ நீங்கள் டவுன் பேமென்ட்டாகப் போட வேண்டும். பலரும் இத்தோடு கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். டவுன் பேமென்ட் போட்டதும் கடன் தொகை இறங்கும், கூடவே உத்தரவாதமும் இறங்கும். கறாராகப் போட்டால் 57,000 பக்கம் வந்து நிற்கும். போதாததற்கு இந்த வகைக் கடனை லெண்டர் (கடன் கொடுப்பவர்) தானாக முடிக்க முடியாது, வி.ஏ.வின் முன் அனுமதி வாங்கியாக வேண்டும். அதனாலேயே பாதிப் பேர் 'நாங்கள் செய்வதில்லை' என்று சொல்லிவிடுவார்கள். டவுன் பேமென்ட்டே இல்லாத கடனுக்குப் போய் 57,000 கட்டுவதில் அர்த்தமில்லை.

இதற்கு ஒரு வழி வி.ஏ.வின் கையேட்டிலேயே இருக்கிறது. பாம்ஃப்லெட் 26-7, ஏழாம் அத்தியாயம். படைவீரரும் அவர் மணக்கப்போகிறவரும் க்ளோசிங்குக்கு (கையெழுத்திட்டு வீடு கைமாறும் நாள்) முன்னால் திருமணம் செய்துகொண்டு, கணவன் மனைவியாகவே டைட்டில் (வீட்டு உரிமை) வாங்குவதாக இருந்தால், அந்தக் கடனைத் தம்பதியின் கடனாகவே நடத்தலாம். நிபந்தனை: க்ளோசிங் மேசைக்கு வரும்போது சட்டப்படி திருமணம் நடந்து முடிந்திருக்க வேண்டும். எனவே விண்ணப்பம் இன்றைக்கே போடலாம், வீடும் பார்க்கலாம், ஒப்பந்தமும் எழுதலாம். வி.ஏ. கடன் அதிகம் செய்யாத லோன் ஆபீசருக்கு இந்த விதி தெரிந்திருக்காது. அத்தியாய எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், அப்போதும் முழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

தம்பதியாக வாங்கினால் டவுன் பேமென்ட் பூஜ்யம். முதல் முறை என்பதால் ஃபண்டிங் ஃபீ (வி.ஏ.வுக்குக் கட்டும் ஒருமுறைக் கட்டணம்) 2.15 சதவீதம், 4 லட்சத்துக்கு 8,600. அதைக் கடனிலேயே சேர்த்துக்கொள்ளலாம். அவருக்கு வி.ஏ. ஊனமுற்றோர் இழப்பீடு வந்துகொண்டிருந்தால் இந்தக் கட்டணமே கிடையாது. விண்ணப்பித்துத் தீர்ப்பு வராமல் இருந்தால் அதை க்ளோசிங்குக்கு முன் லெண்டரிடம் சொல்லிவிடுங்கள். பிறகு தீர்ப்பு வந்து, இழப்பீடு தொடங்கும் தேதி க்ளோசிங்குக்கு முந்தையதாக இருந்தால் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

சி.ஓ.இ. எனப்படும் தகுதிச் சான்றிதழை முதலில் எடுத்து வையுங்கள். டி.டி.-214 (படையிலிருந்து விடுவித்த சான்று) கையில் இருந்தால் பெரும்பாலும் லெண்டரே இணையத்தில் சில நிமிடங்களில் எடுத்துவிடுவார். இல்லாவிட்டால் 26-1880 படிவம்.

சுண்டல்75 எழுதியது:

டெக்சாஸ் என்று சொன்னதால் ஒரு விஷயம் கட்டாயம் தெரிய வேண்டும். அது கம்யூனிட்டி ப்ராபர்ட்டி மாநிலம், அதாவது மணமான பின் சேரும் சொத்து பொதுவாகத் தம்பதி இருவருக்கும் சொந்தம். அரிசோனா, கலிஃபோர்னியா, ஐடஹோ, லூசியானா, நெவாடா, நியூ மெக்சிகோ, வாஷிங்டன், விஸ்கான்சின், டெக்சாஸையும் சேர்த்து மொத்தம் ஒன்பது. இந்த ஒன்பதிலும் வி.ஏ., எஃப்.எச்.ஏ., யு.எஸ்.டி.ஏ. (வேளாண் துறையின் கிராமப்புறக் கடன்) மூன்றுமே கடனில் கையெழுத்திடாத கணவன் அல்லது மனைவியின் கடன்களையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கும். அவருடைய வருமானம் சேராது, கடன் மட்டும் சேரும். 'மனைவிக்கு ஸ்கோர் குறைவு, அவளை விட்டுவிட்டு நான் மட்டும் போடுகிறேன்' என்கிற யோசனை நியூ ஜெர்சியில் பலிக்கும், இங்கே கையைக் கடிக்கும்.

வட்டி 6.25 சதவீதம் என்று வைத்துக்கொண்டு உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தேன். ஃபண்டிங் ஃபீ சேர்த்துக் கடன் 4,08,600, முப்பது வருடத் தவணை 2,516. டெக்சாஸ் சொத்து வரியும் இன்ஷூரன்ஸும் மாதம் 917 என்று வைத்தால் வீட்டுச் செலவு 3,433. உங்கள் படிப்புக் கடனுக்கு வி.ஏ. பார்க்கும் அளவுகோல், பாக்கியில் 5 சதவீதத்தைப் பன்னிரண்டால் வகுத்து வருவது, 158 டாலர். கிரெடிட் அறிக்கையில் இதைவிட அதிகத் தவணை இருந்தால் அதுதான் கணக்கு. குறைவாக இருந்தால் சர்வீஸரிடமிருந்து (தவணை வசூலிக்கும் நிறுவனம்) 60 நாளுக்குள்ளான கடிதம் வேண்டும்.

கல்யாணத்துக்கு முன், அவர் மட்டும்: 3,433 + 420 = 3,853. வருமானத்தில் 45 சதவீதம்.
கல்யாணத்துக்குப் பின், அவர் மட்டும்: உங்கள் 380, 158 சேர்ந்து 4,391. 52 சதவீதம்.
கல்யாணத்துக்குப் பின், இருவரும்: அதே 4,391, ஆனால் வருமானம் 13,000. 34 சதவீதம்.

வி.ஏ.வின் வழிகாட்டு அளவு 41. அதைத் தாண்டினால் உடனே நிராகரிப்பு இல்லை. செலவெல்லாம் போக மாதம் கையில் மிஞ்சும் தொகையைப் பார்ப்பார்கள். தென் மாநிலங்களில் இரண்டு பேர் குடும்பத்துக்கு 738 டாலர் மிஞ்ச வேண்டும், ஒருவருக்கு 441. 41-ஐத் தாண்டினால் அதைவிட 20 சதவீதம் கூடுதலாக எதிர்பார்ப்பார்கள். குடும்ப எண்ணிக்கையில் உறவுமுறை பார்ப்பதில்லை, அந்த வீட்டில் வசிக்கப்போகிற தலைகளைத்தான் எண்ணுவார்கள்.

ஆக நடுவில் உள்ள நிலைதான் மோசம். முதலாவது சுமார், மூன்றாவது நன்றாக இருக்கிறது. அதற்குக் கொடுக்க வேண்டிய விலை: இருவர் கையெழுத்திட்டால் லெண்டர் உங்கள் 655-ஐ வைத்துத்தான் வட்டி சொல்வார். வி.ஏ.வுக்குக் குறைந்தபட்ச ஸ்கோர் கிடையாது, லெண்டர்கள் பெரும்பாலும் 620 கேட்பார்கள், அதனால் கடன் கிடைக்கும். கிரெடிட் கார்டு பாக்கி ஏதாவது இருந்தால் வரம்பில் 10 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்துவிட்டு அறிக்கை எடுக்கச் சொல்லுங்கள். ஸ்கோரை ஒரே மாதத்தில் அசைக்கக்கூடியது அது ஒன்றுதான்.

எஃப்.எச்.ஏ. பற்றி: இருவரும் கையெழுத்திட்டு இருவரும் குடியிருப்பதாக இருந்தால் அங்கே கல்யாணம் ஆயிற்றா இல்லையா என்பது ஒரு பொருட்டே இல்லை. இன்றைக்கே போடலாம். 580-க்கு மேல் ஸ்கோர் இருந்தால் 3.5 சதவீதம், உங்களுக்கு 14,000. ஆனால் முன்கூட்டிய மார்ட்கேஜ் இன்ஷூரன்ஸ் (நீங்கள் கட்டாமல் போனால் லெண்டரைக் காக்கும் காப்பீடு) 1.75 சதவீதம், 6,755. அது போக வருடத்துக்கு 0.55 சதவீதம், மாதம் சுமார் 177. டவுன் பேமென்ட் 10 சதவீதத்துக்குக் குறைவென்றால் இந்த மாதக் கட்டணம் கடன் முடியும் வரை போகாது. ரீஃபைனான்ஸ் செய்துதான் (புதுக் கடன் எடுத்துப் பழையதை அடைத்து) தொலைக்க வேண்டும். வி.ஏ. தகுதி கையில் இருக்கும்போது இது தண்டம்.

(படிக்கிற மற்றவர்களுக்கு: கிரீன் கார்டு இல்லாமல் எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்கு 2025 மே 25 முதல் எஃப்.எச்.ஏ. கிடையாது. பழைய யூடியூப் வீடியோக்களை நம்பி விண்ணப்பக் கட்டணம் கட்டாதீர்கள்.)

யு.எஸ்.டி.ஏ. கிராமப்புறக் கடன் உங்களுக்கு ஒத்துவராது. வருமான உச்சவரம்பு இருக்கிறது, கையெழுத்திடாவிட்டாலும் வீட்டில் வசிக்கும் எல்லாப் பெரியவர்களின் வருமானமும் அதில் சேரும். கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாலும் தப்ப முடியாது.

பத்திரம்பத்து எழுதியது:

கடனைப் பற்றி நண்பர்கள் சொல்லிவிட்டார்கள். பத்திரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, துளசி அதைத்தான் கடைசியில் கேட்டிருக்கிறார்.

இரண்டு காகிதங்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நோட் என்பது 'நான் கட்டுவேன்' என்ற வாக்குறுதி. டீட் என்பது 'இது என்னுடையது'. ஒன்றில் பெயர் இருந்து மற்றதில் இல்லாமல் போகலாம். நோட்டில் மட்டும் பெயர் இருப்பதுதான் உலகத்திலேயே மோசமான இடம்: கடன் உங்களுடையது, வீடு உங்களுடையதில்லை.

சுண்டல் சொன்ன முதல் நிலையை, அதாவது கல்யாணத்துக்கு முன் அவர் மட்டும் வாங்குவதை எடுத்துக்கொள்வோம். டெக்சாஸ் சட்டத்தில் சொத்து எப்போது, எந்த நிலையில் வாங்கப்பட்டதோ அதுவே அதன் குணம். மணமாகாதபோது வாங்கினால் அது அவருடைய தனிச் சொத்து. பிறகு முப்பது வருடம் இரண்டு சம்பளத்திலிருந்தும் தவணை கட்டினாலும் அது பொதுச் சொத்தாக மாறாது. கட்டிய பணத்துக்கு ஈடு கேட்கும் உரிமை மட்டும் வரும், அதையும் வழக்காடித்தான் நிரூபிக்க வேண்டும். கல்யாணமாகி அங்கே குடியிருக்கும்போது உங்கள் கையெழுத்து இல்லாமல் அவர் அதை விற்க முடியாது என்ற ஹோம்ஸ்டெட் பாதுகாப்பு உண்டு. அது காவல்தான், உடைமை இல்லை.

அவர் பெயரில் வாங்கும் வீட்டின் க்ளோசிங் செலவுக்கு நீங்கள் பணம் கொடுத்தால் லெண்டர் உங்களிடம் கிஃப்ட் லெட்டர் வாங்குவார். 'இதைத் திருப்பிக் கேட்க மாட்டேன்' என்று அதில் எழுதியிருக்கும். கையெழுத்திட்ட பிறகு 'அது என் பங்கு' என்று சொன்னால் எடுபடாது. கல்யாணம் நின்றுபோனால் அந்தக் காகிதம் உங்களுக்கு எதிராகவே பேசும்.

'இப்போது அவர் வாங்கட்டும், பிறகு பெயர் சேர்த்துக்கொள்ளலாம்' என்பார்கள். சேர்க்கலாம், ஆனால் எப்போது என்பது முக்கியம். பெயர் மாறினால் மொத்தக் கடனையும் உடனே கேட்கும் உரிமை லெண்டருக்கு உண்டு. 1982-ம் வருடத்து கார்ன்–செயின்ட் ஜெர்மேன் சட்டம் கணவன் மனைவிக்கு எழுதிக்கொடுப்பதை அதிலிருந்து விலக்கியிருக்கிறது. மணக்கப்போகிறவருக்கு அந்த விலக்கு இல்லை. எனவே கல்யாணத்துக்குப் பிறகே எழுதுங்கள்.

அன்பளிப்பு வரி: கல்யாணத்துக்கு முன் கொடுத்தால் 2025 கணக்குப்படி 19,000 டாலருக்கு மேல் போனால் 709 படிவம் தாக்கல் செய்ய வேண்டும். மனைவிக்கு வரம்பில்லை என்று பொதுவாகச் சொல்வார்கள், அது மனைவி அமெரிக்கக் குடிமகளாக இருந்தால் மட்டுமே. கிரீன் கார்டு மனைவிக்கு 2025-ல் வரம்பு 1,90,000. டவுன் பேமென்ட் இல்லாமல் வாங்கிய வீட்டில் முதல் சில வருடங்களுக்குப் பாதிப் பங்கின் நிகர மதிப்பு அந்த அளவுக்கு வராது, அதனால் உங்களுக்குச் சிக்கல் இல்லை. நாலைந்து வருடம் கழித்து விலை ஏறிய பிறகு எழுதுகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று. எஃப்.எச்.ஏ.வில் மணமாகாமல் சேர்ந்து வாங்கிப் பிரிந்தால், ஒருவர் பெயரை எடுப்பது கடினம். தம்பதிக்கு விவாகரத்துத் தீர்ப்பைக் காட்டி, ஆறு மாதம் தனியாகத் தவணை கட்டியதை நிரூபித்து, வருமானச் சோதனை இல்லாத ஸ்ட்ரீம்லைன் ரீஃபைனான்ஸில் ஒரு பெயரை நீக்க வழி இருக்கிறது. மணமாகாதவர்களுக்குக் காட்டத் தீர்ப்பே கிடையாது, முழுச் சோதனையோடுதான் புதுக் கடன். வி.ஏ.வில் வேறொரு வலி: விவாகரத்தில் வீடும் கடனும் மனைவி பக்கம் போனால், அந்தக் கடன் அடையும் வரை கணவருடைய வி.ஏ. தகுதியில் அவ்வளவு பங்கு அங்கேயே மாட்டிக்கொண்டிருக்கும். நல்ல நாளில் இதையெல்லாம் பேசுவது அபசகுனம் என்று நினைக்காதீர்கள்.

நெல்லைத்துளசி கேட்டது:

மிக்க நன்றி, எல்லோருக்கும். அப்படியானால் இங்கே கவுண்டியில் (மாவட்ட அலுவலகத்தில்) பதிவுத் திருமணம் செய்துகொண்டு டிசம்பரில் க்ளோசிங் வைத்து, தை மாதம் மதுரையில் முகூர்த்தம் வைத்துக்கொள்ளலாமா? அப்பா கொஞ்சம் பணம் அனுப்புவதாகவும் சொல்கிறார். அதை எப்படிக் காட்டுவது?

வட்டிக்கணக்கு எழுதியது:

வைத்துக்கொள்ளலாம். ஆனால் லைசென்ஸ் வாங்கினாலே கல்யாணம் ஆகிவிட்டது என்று நினைத்து க்ளோசிங் நாளன்று மாட்டிக்கொள்வது வழக்கமாக நடக்கிறது. லைசென்ஸ் வெறும் அனுமதி. வாங்கிய பிறகு 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும் (பணியில் இருக்கும் படைவீரருக்கு விலக்கு உண்டு, உங்கள் அவர் வெளியே வந்துவிட்டதால் பொருந்தாது). 90 நாளுக்குள் நீதிபதி முன்னிலையிலோ புரோகிதர் முன்னிலையிலோ சடங்கு நடக்க வேண்டும். நடத்தி வைத்தவர் கையெழுத்திட்டு 30 நாளுக்குள் கவுண்டி க்ளார்க்கிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அது பதிவான பிறகுதான் லெண்டர் கேட்கும் சான்றளித்த நகல் கிடைக்கும். நடத்தி வைப்பவரிடம் 'அன்றே கொடுத்துவிடுங்கள்' என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.

சட்டத்தின் கண்ணில் அந்தச் சடங்கு நடந்த நாளே கல்யாணத் தேதி, தை முகூர்த்தம் இல்லை. டிசம்பர் 31-க்குள் அது நடந்துவிட்டால் அந்த வருடம் முழுவதற்கும் வருமான வரியில் நீங்கள் மணமானவர். மதுரையில் இன்னொரு தேதி போட்டு இரண்டாவது சான்றிதழ் எடுக்காதீர்கள். குடியுரிமை விண்ணப்பம் போடும்போது எது உண்மை என்று கேட்பார்கள். படிப்புக் கடனுக்கு வருமான அடிப்படைத் தவணையில் இருந்தால், சேர்ந்து வரி தாக்கல் செய்ததும் அவர் சம்பளமும் கணக்கில் வந்து தவணை ஏறலாம். க்ளோசிங் முடியும் வரை அந்தத் திட்டத்தில் கை வைக்க வேண்டாம்.

விண்ணப்பப் படிவத்தில் இப்போது 'அன்மேரிட்' என்று குறியுங்கள், கல்யாணம் ஆன மறுநாளே லோன் ஆபீசரிடம் எழுத்தில் சொல்லி மாற்றுங்கள். வீடு வாங்கும் ஒப்பந்தத்தில் முதலிலேயே இரண்டு பெயரும் இருக்கட்டும்.

பெயர் விஷயம் நம்மவர்களுக்கே உரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக, கிரெடிட் அறிக்கையில் இனிஷியல் மட்டும், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் கடைசியில் என்று மூன்று வடிவம் இருந்தால் டைட்டில் கம்பெனி பெயர் உறுதிமொழி கேட்கும். அது சமாளிக்கக்கூடியது. நடுவழியில் லைசென்ஸில் ஒரு பெயரும் கடன் காகிதத்தில் இன்னொரு பெயருமாக மாற்றினால் காகிதம் எல்லாம் திரும்ப அச்சாகும். பெயர் மாற்றத்தை க்ளோசிங்குக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பணம்: இந்தியாவிலிருந்து வந்தால் தவறில்லை. அவர் கையெழுத்திட்ட கிஃப்ட் லெட்டர், அவருடைய வங்கிக் கணக்கு விவரம், வங்கி வழியாக அனுப்பியதற்கான ரசீது, உங்கள் கணக்கில் வந்து சேர்ந்த பதிவு, நான்கும் ஒன்றோடொன்று தொகையில் பொருந்த வேண்டும். ரூபாய் டாலராக மாறும்போது வரும் வித்தியாசத்துக்கு மாற்று விகித ரசீதையும் வையுங்கள். விண்ணப்பிப்பதற்கு இரண்டு மாத ஸ்டேட்மென்ட்டுக்கு முன்பே வந்து கிடந்தால் கேள்வியே குறையும். வெளிநாட்டு அன்பளிப்பு வருடத்தில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டினால் 3520 படிவம், வரி இல்லை, தகவல் மட்டும். மொய்ப்பணத்தை ரொக்கமாக எடுத்துவந்து கணக்கில் போட்டுவிட்டு மொய் நோட்டைக் காட்டினால் அண்டர்ரைட்டர் (கடனை ஆராய்ந்து முடிவெடுப்பவர்) ஏற்க மாட்டார்.

குடிபுகும் விதியையும் பாருங்கள்: பொதுவாக க்ளோசிங்கிலிருந்து 60 நாளுக்குள் அங்கே வசிக்கத் தொடங்க வேண்டும். டிசம்பரில் சாவி வாங்கி, பெட்டி படுக்கையை நகர்த்தி, பால் காய்ச்சிவிட்டு மதுரைக்குக் கிளம்புங்கள்.

சுண்டல்75 எழுதியது:

ரேட் லாக் (வட்டியை மாறாமல் பிடித்து வைப்பது) 30 நாளுக்கு வேண்டாம், 45 நாளுக்குக் கேளுங்கள். தாங்க்ஸ்கிவிங் வாரத்தில் கவுண்டி அலுவலகம் சில நாள் மூடியிருக்கும், வி.ஏ. அப்ரைசரும் (வீட்டை மதிப்பிடுபவர்) தாமதமாவார். சான்றிதழ் நகல் இரண்டு நாள் தள்ளி வந்தால்கூட லாக் நீட்டிப்புக் கட்டணம் உங்கள் தலையில்தான் விழும்.